சட்டை உரிக்கும் வேளை

பட்டுப்புழு சட்டை உரிக்கிற நாளில் அதற்கு இலை போடக் கூடாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரிப் பக்கங்களில் புழு வளர்ப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. நேற்றுவரை கொட்டகை முழுக்கச் சத்தம் கேட்க இலையை அரைத்துக்கொண்டிருந்த புழுக்கள் இன்று வாயை மூடிக்கொள்கின்றன. தலையைத் தூக்கி வைத்தபடி ஏறக்குறைய ஒரு நாள் அசையாமல் கிடக்கின்றன. வளர்ப்பவர் படுக்கையில் சுண்ணாம்புத் தூளைத் தூவி மிச்ச இலையை உலரவிடுகிறார், காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறந்துவைக்கிறார், காத்திருக்கிறார். ஏறத்தாழ எல்லாப் புழுவும் பழைய தோலை விட்டு வெளியே வந்த பிறகுதான் மறுபடி இலை. பாதிப் புழு எழுந்தவுடனே அவசரப்பட்டுப் போட்டுவிட்டால், முதலில் எழுந்தவை தின்று பெருக்கும், பின்னால் எழுந்தவை பின்தங்கும். அந்த ஏற்றத்தாழ்வு கூடு கட்டும் நாள்வரை தொடரும். ஒரு கொட்டகையில் நான்கு நாளைக்கு நான்கு விதமான புழுக்களைப் பார்க்க வேண்டிவரும்.

மூன்றரை வாரத்துப் புழுப் பருவத்தில் இப்படி நான்கு முறை. முட்டையிலிருந்து வெளிவந்தபோது இருந்ததைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு எடை கூட வேண்டும். கைட்டினும் புரதமும் சேர்ந்து இறுகிய மேல்தோலோ அந்த அளவுக்கு விரிந்துகொடுக்காது. ஆகவே உள்ளே புதிதாக ஒரு தோலை நெய்து, பழையதன் அடிப்பகுதியைக் கரைத்து, மிச்சத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேற வேண்டும். பூச்சியாகப் பிறந்த எதற்கும் இதில் விலக்கு இல்லை.

சரி, வேளை வந்துவிட்டது என்று புழுவுக்குச் சொல்வது யார்? ஒரே நாளில் பொரித்த ஆயிரக்கணக்கான புழுக்கள் அநேகமாக ஒரே நாளில் வாயை மூடுகின்றன என்றால் உள்ளே ஏதோ ஒன்று கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு இன்று மரபணு மரபணுவாகத் தெரிந்திருக்கிறது. தெரியவைத்ததில் பாதிப் பங்கு பட்டுப்புழுவுக்கு. மறுபாதி, நாம் கையால் விரட்டிவிடுகிற ஒரு சின்ன ஈக்கு. அந்த ஈயை வைத்து எழுதப்பட்ட அத்தியாயங்களில் ஒன்று ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டினால் வரும் பெங்களூரில் எழுதப்பட்டது.

எந்த ஈ என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பழ ஈ என்றால் மாந்தோப்புக்காரர்களுக்கு வயிறு எரியும். அவர்கள் நினைப்பது பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்ற ஈயை. அது காயின் தோலைத் துளைத்து முட்டையிடும். பறிக்கும்போது நன்றாக இருந்த மாம்பழம் அறுக்கும்போது புழுவாக இருக்கும். மெத்தில் யூஜினால் வைத்த பொறிகளைத் தோப்பில் தொங்கவிடுவது அதற்காகத்தான். நம் கதையின் ஈ அதுவல்ல. டிரோசோபிலா மெலனோகாஸ்டர் அதற்குத் தூரத்து உறவு, மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. நல்ல பழத்தை ஒன்றும் செய்யாது. பழுத்து நொதித்த பழத்தில் வளரும் ஈஸ்ட்தான் அதற்குச் சாப்பாடு. மாம்பழக்கூழ் ஆலைகள் ஓடுகிற பருவத்தில் கொட்டையும் தோலும் குவிந்த இடங்களில் புகை மாதிரி எழும்புவது இந்த ஈதான். 25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஈயாவதற்குப் பத்து நாள் போதும். ஒரு கண்ணாடிக் குப்பியில் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம். 1910-இல் தாமஸ் ஹன்ட் மார்கன் வெள்ளைக் கண் கொண்ட ஓர் ஆண் ஈயைக் கண்டதிலிருந்து மரபியல்காரர்கள் இதை விடவே இல்லை.

ஆனால் ஹார்மோன் கதை ஈயில் தொடங்கவில்லை. போலந்துக்காரரான ஸ்டெஃபான் கோபெச் முதல் உலகப்போர்க் காலத்தில் கம்பளிப்புழுக்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பருவத்தின் தொடக்கத்தில் மூளையை எடுத்துவிட்டால் புழு கூட்டுப்புழுவாக மாறவில்லை. ஒரு குறிப்பிட்ட நாள் கடந்த பிறகு எடுத்தால், மூளை இல்லாமலே மாறியது. நரம்பை வெட்டியதால் எந்த வேறுபாடும் இல்லை. ஆக, மூளை இரத்தத்தின் வழியே எதையோ அனுப்புகிறது, அனுப்பி முடித்துவிட்டால் அதன் வேலை தீர்ந்தது. மூளை ஹார்மோன் சுரக்கும் என்று 1917-இல் சொன்னபோது நம்புவதற்கு ஆளில்லை. முதுகெலும்புள்ள விலங்குகளில் அதே விஷயம் நிலைநாட்டப்பட்ட பிறகுதான் கோபெச்சின் பெயர் திரும்ப வந்தது. புழுவில் கண்டதைப் புழுவோடு நிறுத்திக்கொள்கிற பழக்கம் அறிவியலுக்கும் உண்டு.

1940 வாக்கில் ஜப்பானில் சோய்ச்சி ஃபுகுடா பட்டுப்புழுவின் உடலை நூலால் இறுக்கிக் கட்டி அடுத்த கண்ணியைக் கண்டுபிடித்தார். மார்புப் பகுதியின் முன்பக்கத்தில் மெல்லிய ஒரு சுரப்பி இருக்கிறது. கட்டுக்கு முன்பக்கம் அந்தச் சுரப்பி இருந்தால் முன்பாதி மட்டும் மாறும், பின்பாதி புழுவாகவே கிடக்கும். மூளை ஆணையிட, இந்த முன்மார்புச் சுரப்பி தோலுரிப்பு ஹார்மோனைச் சுரக்கிறது என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. ஈயில் இதே சுரப்பி வேறு இரண்டோடு ஒட்டி, மூளைக்கு மேலே ஒரு சின்ன வளையமாக இருக்கிறது.

அந்த ஹார்மோன் என்ன பொருள்? ஜெர்மனியில் அடால்ஃப் புட்டெனன்ட்டும் பீட்டர் கார்ல்சனும் 1954-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது பட்டுக் கூட்டுப்புழு, ஐந்நூறு கிலோ. கிடைத்த படிகம் 25 மில்லிகிராம். நூல் எடுத்த பிறகு மிஞ்சுகிற புழுவைக் கோழித்தீவனத்துக்கும் உரத்துக்கும் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு ஐந்நூறு கிலோ எவ்வளவு பெரிய குவியல் என்று தெரியும். எக்டைசோன் என்று பெயர் பெற்ற அந்தப் பொருளின் அமைப்பு 1965-இல் தெரியவந்தபோது இன்னொரு வியப்பு: அது ஒரு ஸ்டீராய்டு, கொலஸ்டிராலில் இருந்து செய்யப்படுவது. நம் உடலில் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், கார்ட்டிசால் ஆகியவற்றின் உறவுக்காரன். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடுத்த சில ஆண்டுகளிலேயே இதே ஹார்மோனின் வகைகள் செடிகளில் தாராளமாகக் கிடைத்தன. நம் வேலியோரத்தில் துணியில் ஒட்டிக்கொண்டு வரும் நாயுருவியின் வேரில்கூட அது இருக்கிறது. தன்னைத் தின்ன வரும் புழுவின் கடிகாரத்தைக் குழப்புவதற்காகச் செடி வைத்திருக்கும் ஆயுதம் இது என்று கருதுகிறார்கள்.

பொருள் தெரிந்துவிட்டது. உடல் அதை எப்படிச் செய்கிறது என்பது மட்டும் அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகள் புதிராகவே இருந்தது. இங்கேதான் ஈ உள்ளே வருகிறது, அதுவும் வேறொரு வேலைக்காகப் போனவர்களின் வழியே. 1970-களின் இறுதியில் ஹைடல்பர்க்கில் கிறிஸ்டியான் நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஈயின் மரபணுக்களைக் கண்டபடி சிதைத்து, எந்தக் கரு எப்படிச் சாகிறது என்று ஆயிரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் உடல் தலை, மார்பு, வயிறு என்று எப்படித் துண்டுதுண்டாக வகுக்கப்படுகிறது என்பதே அவர்கள் தேடியது. 1995-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகத்தான். வழியில் சில கருக்கள் விசித்திரமாக இருந்தன. உள்ளே வளர்ந்திருக்கும், வெளியே மேல்தோல் இருக்காது. நுண்ணோக்கியில் மங்கலாக, உருவம் கரைந்த மாதிரி தெரிந்த அவற்றுக்கு வரிசையாகப் பேய்ப் பெயர்களை வைத்தார்கள்: ஸ்பூக், ஃபேன்டம், ஷேடோ, ஷேட், டிஸ்எம்பாடிட், ஷ்ரௌட். ஆவி, மாயத்தோற்றம், நிழல், உடலற்றது, பிணத்துணி என்று நாம் படித்துக்கொள்ளலாம். 1984-இல் பட்டியல் வெளிவந்தது. பிறகு ஏறக்குறைய பதினைந்து ஆண்டு யாரும் அவற்றைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

2000-க்குப் பிறகு லாரன்ஸ் கில்பர்ட், மைக்கேல் ஓ'கானர், ஜேம்ஸ் வாரன் ஆகியோரின் குழுக்கள் இந்தப் பேய்களை ஒவ்வொன்றாகப் பிடித்தபோது அத்தனையும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று தெரிந்தது. ஒவ்வொரு மரபணுவும் கொலஸ்டிராலை எக்டைசோன் ஆக்கும் வேலையில் ஒரு நொதியைச் செய்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு வண்டி உருவாகும் வரிசையைப் போலத்தான் இது: ஒவ்வோர் ஆளும் ஒரே ஒரு வேலையைச் செய்து அடுத்தவரிடம் தள்ளுகிறார், நடுவில் ஒருவர் வரவில்லை என்றால் கடைசியில் வண்டி வெளியே வராது. முதல் ஆள் நெவர்லேண்ட் என்ற இன்னொரு மரபணு. கொலஸ்டிராலில் இரண்டு ஹைட்ரஜனை எடுத்துவிடுகிறது. அடுத்ததாக இன்னும் முழுக்கப் புரியாத சில படிகள். ஸ்பூக்கும் ஷ்ரௌடும் அங்கே இருக்கின்றன. பிறகு ஃபேன்டம், டிஸ்எம்பாடிட், ஷேடோ மூன்றும் மூலக்கூறின் வெவ்வேறு இடங்களில் ஆளுக்கொரு ஹைட்ராக்சில் குழுவை மாட்டுகின்றன. சுரப்பியிலிருந்து வெளியேறும் எக்டைசோனுக்குக் கடைசிக் குழுவை மாட்டி வீரியமாக்குவது ஷேட். அது சுரப்பியில் இல்லை. குடல், கொழுப்புத் திசு போன்ற இடங்களில் இருக்கிறது. கரு தன் முதல் தோலை உருவாக்கவே இந்த ஹார்மோன் வேண்டும் என்பதால்தான், ஒரு ஆள் குறைந்தால் பேய் பிறக்கிறது.

வரிசையின் தலைவாசலில் ஒரு பலவீனம் இருக்கிறது. பூச்சிகளால் கொலஸ்டிராலைச் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில் வர வேண்டும். மல்பெரி இலையில் கொலஸ்டிரால் என்று சொல்லத்தக்க அளவு இல்லை, அதன் இடத்தில் சிட்டோஸ்டிரால் போன்ற தாவர ஸ்டீரால்கள் இருக்கின்றன. பட்டுப்புழு அவற்றின் பக்கச் சங்கிலியைக் கழற்றிக் கொலஸ்டிராலாக்கிக்கொள்கிறது. அமெரிக்க, மெக்சிக எல்லையில் சொனோரா பாலைவனத்தில் டிரோசோபிலா பாக்கியா என்று ஓர் ஈ உண்டு. அதன் நெவர்லேண்ட் மரபணுவில் ஏற்பட்ட சில மாற்றங்களால் அதற்குக் கொலஸ்டிராலை வைத்து வேலையைத் தொடங்கவே தெரியாது. செனிட்டா என்ற ஒரே ஒரு கள்ளியில் உள்ள ஸ்டீராலை வைத்துத்தான் தொடங்க முடியும். அந்தக் கள்ளி இல்லாத ஊரில் அந்த ஈ இல்லை. ஒரு பூச்சி எந்தச் செடியை அண்டி வாழ்கிறது என்பதை ஹார்மோன் தயாரிப்பின் முதல் படி தீர்மானித்துவிடுகிறது.

பட்டுக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பழைய கணக்கு தீர்ந்தது. ஜப்பானில் நெடுங்காலமாகப் பேணப்பட்ட ஒரு பட்டுப்புழுக் கால்வழியில் முதல் தோலுரிப்பைத் தாண்டாமல் புழுக்கள் செத்துப்போயின. உடல் பளபளப்பாக இருக்கும், சட்டையைக் கழற்றத் தெரியாது. 2010-இல் ரியூசுகே நிவாவின் குழு அந்தக் குறைக்குக் காரணமான மரபணுவைத் தேடிப் பிடித்தது. அதுதான் ஈயின் ஷ்ரௌட். ஹைடல்பர்க்கில் தோலில்லாமல் செத்த ஈக்கருவும் ஜப்பானில் தோலைக் கழற்ற முடியாமல் செத்த புழுவும் ஒரே நொதியை இழந்தவை. ஈயும் பட்டுப்புழுவும் பிரிந்து இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தயாரிப்பு வரிசை அப்படியே இருக்கிறது.

இனி பெங்களூர். தயாரிப்பு வரிசை தயாராக இருந்தால் போதாது, எப்போது ஓட வேண்டும் என்று சொல்ல வேண்டும். பட்டுப்புழு மூளையின் ஒவ்வொரு பாதியிலும் இரண்டே இரண்டு நரம்புச் செல்கள் அந்த ஆணையைச் சுரக்கின்றன. கோபெச் ஊகித்த அந்தப் பொருளை ஜப்பானில் ஹிரோநோரி இஷிசாகியும் சகாக்களும் லட்சக்கணக்கான பட்டு அந்துப்பூச்சித் தலைகளை அரைத்து எடுத்தார்கள். 1990-இல் அதன் மரபணு வரிசை வெளியாயிற்று. அதே தேடலில் இன்சுலினைப் போன்ற இன்னொரு புரதமும் கையில் சிக்கியது. இன்சுலின் என்றால் சாப்பாட்டுக் கணக்கு. ஆகவே கேள்வி இப்படித் திரும்பியது: எவ்வளவு தின்றோம், எவ்வளவு வளர்ந்தோம் என்ற செய்தி செல்லுக்குள்ளே ஹார்மோனாக எப்படி மாறுகிறது?

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கைத்தி ஹசன், செல்லுக்குள் கால்சியம் எப்படிப் பேசுகிறது என்பதை ஈயில் ஆராய்ந்துவந்தவர். செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைத்திருக்கும் பைகளில் ஒரு கதவு உண்டு. ஐபி3 என்ற மூலக்கூறு வந்து தொட்டால் கதவு திறக்கும், கால்சியம் கொட்டும், செல் தன்னிடமுள்ளதைச் சுரக்கும். அந்தக் கதவைச் செய்யும் மரபணுவைச் சிதைத்த ஈப்புழுக்களுக்கு என்ன ஆயிற்று என்று சக ஆய்வாளர் வெங்கடேஷும் அவரும் 1997-இல் கரண்ட் பயாலஜி இதழில் எழுதினார்கள். அவை இரண்டாம் பருவத்தில் தங்கிவிட்டன. தோலுரிப்பு தாமதமாயிற்று, உடலில் எக்டைசோன் குறைவாக இருந்தது, கடுமையாகச் சிதைந்தவை செத்தன. கண், மூக்கு, தசை என்று எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று நினைத்த ஒரு பொதுக் கதவு பழுதானபோது, முதலில் தடுமாறியது தோலுரிப்புக் கடிகாரம்.

அதற்கடுத்த கேள்வி எளிமையானது, பதில்தான் ஆண்டுகள் பிடித்தது. எந்தச் செல்லில் அந்தக் கதவு தேவை? 2004-இல் அதே ஆய்வகம், உடல் முழுக்கக் குறையுள்ள புழுக்களில் செரட்டோனின், டோப்பமைன் போன்ற அமீன்களைச் சுரக்கும் செல்களுக்கு மட்டும் மரபணுவைத் திருப்பிக் கொடுத்தது. புழுக்கள் சாவைத் தாண்டின. 2016-இல் ஈலைஃப் இதழில் வந்த ஆய்வு இன்னும் அருகே போகிறது. ஈப்புழு போதிய எடையை எட்டியபின் புரதமில்லாத உணவுக்கு மாற்றப்பட்டால், அதாவது ஈஸ்ட் இல்லாமல் வெறும் சர்க்கரையில் விடப்பட்டால், உள்ளதை வைத்துக்கொண்டு சின்னதாகவேனும் கூட்டுப்புழுவாகிவிடும். கதவு இல்லாத புழுக்களால் பெரும்பாலும் அது முடியவில்லை. குளூட்டமேட் சுரக்கும் சில இடைநரம்புச் செல்களில்தான் கோளாறு இருந்தது; ஹார்மோனைத் தூண்டும் செல்களுக்கு அவை சேதி அனுப்புகின்றன. பஞ்ச காலத்தில், இனிக் காத்திருந்து பயனில்லை, மாறிவிடு என்று சொல்கிற சுற்று அது. மல்பெரிக்குத் தண்ணீர் குறைந்து இலை சத்தில்லாமல் போன கோடையில் சிறிய கூடு கட்டும் புழுவின் மூளையில் இதே சுற்று இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். பட்டு ஆராய்ச்சியும் ஈ ஆராய்ச்சியும் ஒரே சாலையின் இரு முனையில் இருந்தும் அதிகம் பேசிக்கொள்வதில்லை என்பது என் ஆதங்கம்.

ஹார்மோன் இரத்தத்தில் ஏறியபின் நடப்பதை 1960-இல் கார்ல்சனும் உல்ரிக் கிளெவரும் கண்ணால் பார்த்தார்கள். கொசுவைப் போன்ற ஒரு பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் மிகப் பெரியவை. எக்டைசோனைச் செலுத்தியதும் சில நிமிடங்களில் அவற்றில் குறிப்பிட்ட இடங்கள் உப்பிக்கொண்டன. உப்பிய இடத்தில் மரபணு விழித்திருக்கிறது என்று பொருள். ஒரு ஹார்மோன் நேரடியாக மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது என்பதற்கு அதுவே முதல் சான்று. நாம் இன்று ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பற்றிப் பேசுகிற எல்லாவற்றுக்கும் பாட்டன் அந்தச் சோதனை.

இதில் வளர்ப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய ஒன்று, ஏறியது இறங்கவும் வேண்டும் என்பது. ஹார்மோன் ஏறும்போது புதுத் தோல் நெய்யப்படுகிறது. அது சரிந்த பிறகுதான் பழைய தோலைக் கிழித்து நெளிந்து வெளியேறும் அசைவுகளைத் தூண்டும் வேறு ஹார்மோன்கள் வருகின்றன. இறக்குவதற்கென்றே ஒரு நொதியும் இருக்கிறது. இறங்காவிட்டால் புழு இரண்டு சட்டைக்குள் மாட்டிக்கொண்டு சாகும்.

இன்னொரு ஹார்மோன் மூளைக்குப் பின்னாலிருந்து வருகிறது. இளமை ஹார்மோன். எக்டைசோன் வரும்போது இதுவும் இருந்தால் புழு மறுபடி புழுவாகும், இல்லாதிருந்தால் கூட்டுப்புழுவாகும். எத்தனை முறை தோலுரிப்பது என்பதை இரண்டும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன. நம் கொட்டகைப் புழு நான்கு முறை உரிக்கிறது. உலகில் மூன்று முறை உரிக்கும் இனங்களும் ஐந்து முறை உரிப்பவையும் உண்டு. இளமை ஹார்மோனை முடித்துக்கொடுக்கும் நொதியை இழந்த ஒரு கால்வழி இரண்டோ மூன்றோ முறையோடு நிறுத்திக்கொண்டு குட்டிக் கூடு கட்டிவிடுகிறது. மூன்று, நான்கு, ஐந்து என்ற வேறுபாடு ஒரே மரபணு இடத்தில் இருக்கிறது என்று பட்டு மரபியலில் நூறாண்டாகத் தெரியும். அது என்ன மரபணு என்று 2021-இல்தான் தெரிந்தது: உடலின் எந்தக் கண்டம் எதுவாக வேண்டும் என்று சொல்லும் ஹாக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று, முன்மார்புச் சுரப்பியில் எக்டைசோன் தயாரிப்பைக் கட்டுப்படுத்துகிறது. காலை எங்கே வைப்பது என்று சொல்கிற குடும்பம், சட்டையை எத்தனை முறை கழற்றுவது என்றும் சொல்கிறது.

ஓசூருக்கு இதில் தனி இடம் உண்டு. மத்திய பட்டு வாரியம் 1991-இல் தொடங்கிய மரபுவள மையம் இங்கேதான் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகளும் நானூற்றுக்கும் மேற்பட்ட பட்டுப்புழு இனங்களும் அங்கே தலைமுறை தலைமுறையாக உயிரோடு பேணப்படுகின்றன. விதையைப் போலப் பட்டு முட்டையைப் பல்லாண்டு சேமித்து வைக்க முடியாது. பொரிக்க வைத்து, வளர்த்து, ஜோடி சேர்த்து, மறுபடி முட்டை எடுத்தே ஆக வேண்டும். மைசூர் இனம், வங்கத்து நிஸ்தாரி, ஜப்பான், சீன இனங்கள் என்று அலமாரி முழுக்கத் தோலுரிப்பின் வேறுபட்ட கால அட்டவணைகள் இருக்கின்றன. டைட்டன் கடிகாரம் இந்த ஊரில் உருவானது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கடிகாரங்களைப் பற்றி ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

கொட்டகைக்கு இந்த அறிவு வந்து சேர்ந்திருக்கிறது. மைசூரில் உள்ள மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சம்பூர்ணா, செடியிலிருந்து எடுத்த எக்டைசோன் வகைதான். ஐந்தாம் பருவத்தின் இறுதியில் சில புழுக்கள் முதிர்ந்து கூடு கட்டத் தயாரானதும் அதைக் கரைத்து இலையில் தெளித்துப் போட்டால், மற்றவையும் சேர்ந்து முதிர்ந்து ஒரே வீச்சில் கூட்டு வலையில் ஏற்றிவிட முடிகிறது. கூலியாள் கிடைக்காத ஊரில் அது பெரிய உதவி. சிப்காட்டில் வேலைக்குப் போய்விட்டவர்களை மூன்று நாளைக்குப் புழு பொறுக்க அழைக்க முடியாது. ஆனால் சொன்ன நாளுக்கு முன்பே தெளித்தால் புழு இன்னும் தின்ன வேண்டிய இலையைத் தின்னாமல் கூடு கட்டும், பட்டு குறையும். எதிர்ப்பக்கம், ஜப்பானில் இளமை ஹார்மோனைப் போன்ற மெத்தோபிரீனை மிகக் குறைந்த அளவில் கொடுத்து ஐந்தாம் பருவத்தை நீட்டிக் கூட்டைப் பெரிதாக்கினார்கள். இரண்டுமே வேளையை வைத்து ஆடும் ஆட்டம்.

அதே கத்தி மறுபக்கமும் வெட்டும். 1980-களின் இறுதியில் வட இத்தாலியில் பட்டுப்புழுக்கள் நன்றாகத் தின்று கொழுத்தன, கூடு மட்டும் கட்டவில்லை. தின்றுகொண்டே இருந்து செத்தன. காரணம் பழத்தோட்டங்களில் அடித்த ஃபெனாக்சிகார்ப் என்ற மருந்து. இளமை ஹார்மோனைப் போல நடிப்பது. காற்றில் மல்பெரி இலைக்கு வந்த நுண்ணிய அளவே போதுமாக இருந்தது. அங்கே பட்டுத்தொழில் அதிலிருந்து மீளவில்லை. இப்படிப்பட்ட மருந்துகளை மனிதனுக்கும் தேனீக்கும் பழைய விஷங்களைவிடத் தீங்கு குறைந்தவை என்று பரிந்துரைக்கிறார்கள், அதில் பெருமளவு உண்மையும் இருக்கிறது. பட்டுப்புழு மட்டும் அந்தக் கணக்கில் விடுபட்டுப்போகிறது. புழுவின் தோலுரிப்பைக் குலைப்பதற்கென்றே செய்த மருந்து, வளர்ப்புப் புழு எது, பயிர்ப்புழு எது என்று பார்க்காது.

நம் பகுதியின் அமைப்பு இத்தாலியைவிட நெருக்கமானது. ஓர் ஏக்கர் மல்பெரியை ஒட்டித் தக்காளி, அதை அடுத்து முட்டைக்கோஸ், அப்பால் ரோஜாவுக்குப் பசுமைக்குடில். ஆகவே இதைப் படிக்கிற விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள். மருந்து வாங்கும்போது டப்பாவில் பைரிப்ராக்சிஃபென், நோவலுரான், மெத்தாக்சிஃபெனோசைட் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது புழுவை இளமையிலேயே நிறுத்தும், இரண்டாவது புதுத் தோலை உருவாகவிடாது, மூன்றாவது வேளைக்கு முன்பே சட்டை உரிக்க வைத்துக் கொல்லும். பக்கத்தில் மல்பெரி இருந்தால் வேறு மருந்து கிடைக்குமா என்று வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள்; வேறு வழியில்லை என்றால் அடிக்கப்போகும் நாளைப் பக்கத்துக் கொட்டகைக்காரருக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள், காற்று அந்தப் பக்கம் வீசாத வேளையாகப் பாருங்கள். புழு வளர்ப்பவர்களும் வரப்பு ஓரத்து இரண்டு வரிசை மல்பெரியைப் புழுவுக்குப் பறிக்காமல் விட்டுவைப்பது நல்லது.